பார் கீறிய பாதமும் கொசுத்தேனும்: ஒரு நிகழ்வு ஆய்வு

கொசுத்தேன், அதாவது கொட்டாத சிறு தேனீயின் தேன், கிருமியைக் கொல்லுமா என்று கேட்டால், கொல்லும் என்பதுதான் பதில். அதை மறுக்க இந்தக் குறிப்பை எழுதவில்லை. அந்தத் தேன் ஒரு புண்ணுக்குள் போய் எதைச் செய்தது, எது அதன் கைக்கு எட்டவில்லை, வேலையை ஓரளவு நன்றாகச் செய்ததாலேயே எதை மறைத்துவிட்டது என்பதை ஒரு நோயாளியை வைத்துச் சொல்லப் பார்க்கிறேன். நோயாளியின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அவரை அடையாளம் காட்டும் விவரங்களை விட்டுவிட்டேன்.

நோயாளி

46 வயதுப் பெண். ஏர்வாடிக்கும் கீழக்கரைக்கும் நடுவில் ஒரு கடலோர ஊர். கடலில் பாசி எடுப்பது தொழில். விரல்களில் துணியைச் சுற்றிக்கொண்டு, கண்ணாடி மாட்டி, மூச்சடக்கி மூழ்கி, பாரில் (கடலடிப் பவளப் பாறையில்) ஒட்டியிருக்கும் மரிக்கொழுந்துப் பாசியைப் பிடுங்கி இடுப்புப் பையில் போடும் வேலை. சிலர் காலில் ரப்பர் செருப்பு போடுகிறார்கள். அது தண்ணீருக்குள் கழன்றுகொள்கிறது என்று பலர் போடுவதில்லை. பார்க்கல் கீறுவதை ஒரு காயமாகவே இவர்கள் கணக்கில் எடுப்பதில்லை.

சர்க்கரை நோய் இருப்பது தெரிந்து ஆறு வருடம் ஆகிறது. மெட்ஃபார்மினும் கிளிமெபிரைடும் சேர்ந்த மாத்திரை. கடலுக்குப் போகும் நாட்களில் அதைப் போடமாட்டார். காலையில் ஒன்றும் சாப்பிடாமல் வள்ளத்தில் ஏறுவதால் நடுக்கடலில் மயக்கம் வந்துவிடும் என்ற பயம். கிளிமெபிரைடைப் பொறுத்தவரை நியாயமான பயம்தான். மாத்திரையைத் தவிர்க்காமல் வேளையை மாற்றிக்கொள்ள யாராவது சொல்லிக் கொடுத்திருக்கலாம்.

வலது பாதத்தின் வெளி ஓரத்தில், சுண்டுவிரலுக்குக் கீழே, பார்க்கல் கீறியிருக்கிறது. கடல் தண்ணீரிலேயே கழுவிவிட்டு அன்றைய பாசியை எடுத்து முடித்துத்தான் கரையேறினார். வீட்டில் மாமியார் கொசுத்தேனைத் தடவி, வெள்ளைத் துணியால் கட்டினார். ஒரு வாரத்தில் புண் சுத்தமாகிவிட்டது, வாடை இல்லை, சீழ் இல்லை, ஓரம் கூடி வந்தது என்று இருவரும் ஒரே குரலில் சொன்னார்கள். இரண்டாம் வாரத்தில் மேல் தோல் மூடிக்கொண்டது. மறுபடி கடலுக்குப் போனார். மூன்றாம் வாரம் பாதத்தின் மேற்புறம் வீங்கி, குளிர்காய்ச்சல் வந்த பிறகுதான் எங்களிடம் வந்தார்.

“வலி இருந்துச்சா?”

“இல்லையே டாக்டரம்மா. வலிச்சா வந்திருக்க மாட்டனா?”

அடிப்பாதத்தில் உணர்வைச் சோதிக்கும் 10 கிராம் நைலான் இழையால் தொட்டுப் பார்த்தோம். பெருவிரல் நுனியிலும் அடிப்பாதத்தின் முன்பகுதியிலும் அவருக்கு ஒன்றும் தெரியவில்லை. பாத நாடி நன்றாகத் துடித்தது, ரத்த ஓட்டத்தில் குறையில்லை. காயம் பட்ட இடத்தில் பழுப்பு நிறப் பொருக்கு. சுற்றிலும் சிவந்து, சூடாக, அழுத்தினால் உள்ளே நீர் அலைவது போன்ற அசைவு. காய்ச்சல் 101 டிகிரி ஃபாரன்ஹீட்டுக்கு மேல். சர்க்கரை 340. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் ஹெச்பிஏ1சி 10-ஐத் தாண்டியிருந்தது.

எக்ஸ்ரேயில் எலும்பு தப்பித்திருந்தது. ஆனால் ஐந்தாவது விரலெலும்பின் அருகில், சதைக்குள், வெள்ளையாக ஒரு துணுக்கு. பவளக் கல் கால்சியம் கார்பனேட் என்பதால் எக்ஸ்ரேயில் தெரியும், மரச்சிராய் போல ஒளிந்துகொள்ளாது. கடல் காயம் ஆறாமல் இழுத்தாலோ, ஆறியதுபோல் ஆகி மறுபடி வீங்கினாலோ ஒரு படம் எடுத்துவிடுவது நல்லது.

கணுக்காலில் மரப்பு ஊசி போட்டுத் திறந்தோம். பொருக்குக்குக் கீழே ஒரு பை நிறையச் சீழ். அதன் அடியில் அரிசியளவு பார்க்கல் துண்டு. செத்த சதையை வெட்டி நீக்கி, நிறைய சலைன் விட்டுக் கழுவி, புண்ணைத் தைக்காமல் திறந்தே விட்டோம். டெட்டனஸ் தடுப்பூசி, இன்சுலின், நரம்பு வழியாக செஃப்ட்ரியாக்சோன், வாய் வழியாக டாக்ஸிசைக்ளின். கடல் தண்ணீரில் பட்ட காயம், அதுவும் சர்க்கரை நோயாளிக்கு என்றால் விப்ரியோ இனக் கிருமிகளை முதலிலேயே கணக்கில் வைக்கவேண்டும். அவற்றில் விப்ரியோ வல்னிஃபிகஸ் வந்துவிட்டால் கால் மட்டுமல்ல, ஓரிரு நாளில் உயிரே போகக்கூடும். இந்த இரண்டு மருந்துகளையும் சேர்த்துக் கொடுத்ததற்கு அதுதான் காரணம்.

புண்ணின் ஆழத்திலிருந்து எடுத்த சதைத் துணுக்கை ஆய்வகத்துக்கு அனுப்பும்போது சீட்டில் ‘கடல் நீர்க் காயம்’ என்று பெரிதாக எழுதினோம். இதை எழுதாவிட்டால் ஆய்வகம் கிருமி வளர்க்கும் வழக்கமான தட்டுகளோடு நிறுத்திக்கொள்ளும். எழுதினால் விப்ரியோவுக்கென்றே உள்ள டிசிபிஎஸ் என்ற தட்டையும் போடுவார்கள். ரத்தம் கலந்த அகர் கூழ்த் தட்டில் ஸ்டஃபைலோகாக்கஸ் ஆரியஸ் வளர்ந்தது. நல்லவேளையாக மெத்திசிலின் மருந்துக்கு அடங்கும் வகை. டிசிபிஎஸ் தட்டில் மஞ்சள் நிறக் கூட்டங்கள்: விப்ரியோ ஆல்ஜினோலைட்டிகஸ். வல்னிஃபிகஸ் அளவுக்குக் கொடியது அல்ல. கடல் காயங்களிலும் காதுகளிலும் அடிக்கடி தென்படும் கிருமி. கொடுத்த மருந்து இரண்டுக்கும் பொருந்தியது, மூன்றாம் நாளில் காய்ச்சல் இறங்கியது.

தேன்

மருத்துவரீதியாக இதுவரை சொன்னதில் புதுமை அதிகம் இல்லை. என்னை இழுத்தது தேன்தான். எந்தத் தேன், எப்படி எடுத்தது, எப்படி வைத்திருந்தது என்று மாமியாரிடம் உட்கார்ந்து கேட்டேன்.

கொசுத்தேனீ நம் ஊர்களில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். நான்கு மில்லிமீட்டர்கூட இருக்காத கருப்புப் பூச்சி. சுவர் இடுக்கில் பிசினால் ஒரு சிறு குழாயை வாசலாக நீட்டிவைத்திருக்கும், கொட்டாது. தென்னிந்தியாவில் பெரும்பாலும் காணப்படும் இனம் டெட்ராகோனுலா இரிடிபென்னிஸ். இந்தக் கரையில் பழைய வீடுகளைக் கடலிலிருந்து எடுத்த பவளக் கல்லாலும் சுண்ணாம்பாலும் கட்டினார்கள், அந்தக் கல்லின் பொந்துகள் இவற்றுக்கு வசதியான வீடு. மற்ற தேனீக்களைப் போல அறுகோண அடை கட்டாது. மெழுகோடு மரப்பிசினைக் குழைத்துச் சின்னச் சின்னக் கலயங்கள் செய்து, சிலவற்றில் தேனையும் சிலவற்றில் மகரந்தத்தையும் வைக்கும். ஒரு கூட்டில் வருடத்துக்கு அரைக் கிலோ தேன் கிடைத்தாலே அதிகம். அதனால்தான் இந்த விலை, இந்த மரியாதை.

வீட்டில் இரண்டு பாட்டில் இருந்தது. முதல் வாரம் தடவியது, கொழுந்தன் அப்போதுதான் பக்கத்து வீட்டு இடிந்த சுவரிலிருந்து எடுத்துவந்த புதுத் தேன். அது தீர்ந்ததும் பழைய பாட்டிலைத் திறந்திருக்கிறார்கள்.

“அது போன வருசத்துது. புளிச்சுப் பொங்கிருச்சுன்னா மூடி தெறிச்சிரும் தாயி. அதான் பத்து நாள் மொட்டை மாடி வெயில்ல வச்சு எடுத்தேன்” என்றார் மாமியார்.

அவர் சொன்ன பொங்கல் உண்மையானது. சாதாரணத் தேனில் ஈரப்பதம் 20 விழுக்காட்டுக்கு மேல் போகக்கூடாது என்று உலக உணவுத் தர விதி வைத்திருக்கிறார்கள். கொசுத்தேன் இயல்பிலேயே அதைத் தாண்டும். 25, 30 என்று இருப்பது சகஜம். மலேசியாவில் கொட்டாத்தேனீத் தேனுக்கென்று 2017-இல் தனித் தரம் வகுத்தபோது 35 விழுக்காடு வரை அனுமதித்தார்கள். இத்தனை ஈரத்தில் ஈஸ்டுகள் சும்மா இருக்காது. புளிப்பும் நுரையும் வரும். புளிப்பு இந்தத் தேனின் குணமும்தான், கெட்டுப்போனதற்கு மட்டும் அடையாளமல்ல. வெயிலில் வைப்பது அதைக் கட்டுப்படுத்தும் பழைய வழி. கேரளத்திலும் நம் தென்மாவட்டங்களிலும் பலர் செய்வார்கள். சாப்பிடுவதற்குச் சரி. புண்ணுக்கு என்றால் அந்த வெயில் எதையோ எடுத்துவிடுகிறது.

அந்த ‘எதையோ’ என்னவென்று பார்ப்போம். தேனின் கிருமி எதிர்ப்புக்கு 1937-இல் ஜெர்மானியர் ஒருவர் ‘இன்ஹிபைன்’ என்று பெயர் வைத்தார். கால் நூற்றாண்டு கழித்து, 1963-இல், அமெரிக்காவில் ஜொனாதன் வைட்டும் அவரோடு வேலை செய்தவர்களும் அது வேறொன்றுமில்லை, ஹைட்ரஜன் பெராக்சைடுதான் என்று காட்டினார்கள். தேனீ தன் தலைச் சுரப்பியிலிருந்து குளுக்கோஸ் ஆக்ஸிடேஸ் என்ற நொதியைத் தேனில் கலக்கிறது. கெட்டியான தேனில் அது தூங்கும். நீர் சேர்ந்து தேன் இளகியதும் விழித்துக்கொண்டு, குளுக்கோஸிலிருந்து குளுக்கோனிக் அமிலத்தையும் பெராக்சைடையும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யும். புண்ணில் கசியும் நீரே தேனை இளக்கிவிடுகிறது. பெராக்சைடை நேராக ஊற்றினால் நுரைத்துவிட்டு உடனே ஓய்ந்துவிடும். தேன் அதையே மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாகக் கொடுக்கிறது. இந்த நொதிக்குச் சூடும் ஆகாது, வெளிச்சமும் ஆகாது. வெள்ளைக் கண்ணாடிப் பாட்டிலில், மொட்டை மாடியில், இராமநாதபுரத்து வெயிலில் இரண்டும் சேர்ந்து கிடைத்துவிடுகிறது.

பெராக்சைடு மட்டும்தான் எல்லாம் என்றில்லை. நியூசிலாந்தின் மனுகா தேனுக்கு மெத்தில்கிளையாக்சால் என்ற வேறொரு பொருள் பலம் தருகிறது. கொட்டாத்தேனீத் தேனில் அமிலத்தன்மை அதிகம், பிஹெச் பெரும்பாலும் மூன்றரையைச் சுற்றி இருக்கும். கலயம் முழுக்கப் பிசின் கலந்த மெழுகு என்பதால் பிசினின் ஃபீனால் பொருள்களும் தேனுக்குள் ஊறுகின்றன. ஆஸ்திரேலியக் கொட்டாத்தேனீயான டெட்ராகோனுலா கார்பொனேரியாவின் தேனை வைத்து 2008-லும் 2010-லும் வெளிவந்த ஆய்வுகள், தேனை நன்றாக நீர்க்க வைத்த பிறகும் ஸ்டஃபைலோகாக்கஸ் போன்ற கிருமிகளை அது தடுப்பதைக் காட்டின. பெராக்சைடை முறித்துவிட்ட பிறகும் கொஞ்சம் எதிர்ப்பு மிஞ்சியது.

மாவட்டத்தில் ஒரு கல்லூரியில் நுண்ணுயிரியல் கற்பிக்கும் தோழி ஒருவர், இந்த வீட்டுத் தேனையே சோதித்துப் பார்க்க இசைந்தார். கொழுந்தன் அதே சுவர்க் கூட்டைத் திறந்து, இந்த முறை கையால் பிழியாமல் கலயங்களிலிருந்து ஊசிக்குழாயால் உறிஞ்சிக் கொடுத்தார். நோயாளியின் புண்ணில் வளர்ந்த அதே ஸ்டஃபைலோகாக்கஸைத் தட்டில் பரப்பி, அகரில் நான்கு குழிகள் போட்டார் தோழி. ஒன்றில் புதுத் தேன், ஒன்றில் வெயில் தேன், ஒன்றில் பெராக்சைடைச் சிதைக்கும் கேட்டலேஸ் நொதி சேர்த்த புதுத் தேன், ஒன்றில் அதே இனிப்புள்ள வெறும் சர்க்கரைப் பாகு. எல்லாவற்றையும் கால் பங்காக நீர்க்க வைத்துத்தான் ஊற்றினார். நீர்க்க வைக்காவிட்டால் வெறும் பாகுகூட நீரை உறிஞ்சியே கிருமியைத் தடுக்கும். உப்பில் போட்ட மாங்காய் கெடாததற்கும் காரணம் அதுதான். (மரிக்கொழுந்துப் பாசி நம் நாட்டில் அகர் தயாரிக்கப் பயன்படும் மூலப்பொருள். நோயாளியிடம் இதைச் சொன்னபோது, “அப்ப நான் எடுத்த பாசியிலதான் என் கிருமிய வளத்தீகளா?” என்று சிரித்தார்.)

மறுநாள் காலை புதுத் தேனைச் சுற்றித் தெளிவான வட்டம். வெயில் தேனைச் சுற்றி அதைவிடச் சிறியது. கேட்டலேஸ் சேர்த்ததும் புதுத் தேனின் வட்டம் சுருங்கி, வெயில் தேனின் வட்டத்தோடு ஏறக்குறைய ஒத்துப்போனது. பாகைச் சுற்றி ஒன்றுமில்லை. இவரிடம் எடுத்த விப்ரியோவுக்கு எதிராகவும் இதே வரிசைதான். வட்டங்களை மில்லிமீட்டரில் வேண்டுமென்றே தரவில்லை. தந்தால் யாராவது ஆன்டிபயாடிக் வட்டத்தோடு ஒப்பிட்டு, ‘மருந்தைவிடத் தேன் மேல்’ என்று ஒரு படம் போட்டு வாட்ஸாப்பில் விடுவார்கள். அகரில் ஒரு பொருள் எவ்வளவு தூரம் பரவுகிறது என்பதைப் பொறுத்து வட்டம் பெரிதாகும், சிறிதாகும். அது பலத்தின் அளவுகோல் அல்ல. ஒரு வீட்டுத் தேனில் நடத்திய சின்னச் சோதனை இது. வெயில் தேன் பழசாகவும் இருந்தது என்பதால், பலம் குறைந்ததற்கு வெயில் பாதி, வயது பாதி காரணமாக இருக்கலாம்.

எது எதனால்

இப்போது சுலபமாக ஒரு கதை கட்டிவிடலாம். புதுத் தேன் வைத்தவரை புண் ஆறியது, வெயில் தேனுக்கு மாறியதும் சீழ் பிடித்தது, ஆகவே வெயிலில் வைக்காதீர்கள் என்று. கேட்க அழகாக இருக்கிறது. நான் நம்பவில்லை. தேன் மாறிய அதே நாட்களில் அவர் மறுபடி கடலில் இறங்கினார், மாத்திரையை விட்டார். எல்லாவற்றுக்கும் மேலாக, பார்க்கல் துண்டு முதல் நாளிலிருந்தே உள்ளே இருந்தது. எந்தத் தேனாலும் அதை வெளியே கொண்டுவந்திருக்க முடியாது. எந்த ஆன்டிபயாடிக்காலும்தான்.

என் கணிப்பு வேறு. புதுத் தேன் வேலை செய்தது. மேற்பரப்பில் இருந்த கிருமியைக் குறைத்தது, செத்த சதையை இளக்கியது, வாடையைப் போக்கியது. வாடை போவதற்கு ஒரு விளக்கம் உண்டு: புண்ணின் புரதத்தைத் தின்று நாற்றமெடுக்க வைக்கும் கிருமிகள் சர்க்கரை கிடைத்ததும் அதற்கு மாறிவிடுகின்றன, அப்போது வெளிவருவது லாக்டிக் அமிலம், அதற்கு நாற்றம் இல்லை. ஆக, நம் வீடுகளில் புண் கெட்டுவிட்டதா என்று பார்க்க வைத்திருக்கும் மூன்று அடையாளங்களில் வாடையும் சீழும் தேனால் போயின. வலி என்ற மூன்றாவதை ஏற்கனவே சர்க்கரை நோய் எடுத்துவிட்டது. தோல் மூடிக்கொண்டது, கல்லும் கிருமியும் உள்ளே தங்கிவிட்டன. தேனுக்குப் பலமே இல்லையென்றால் ஒரு வாரத்திலேயே நாற்றம் தாங்காமல் ஆஸ்பத்திரிக்கு வந்திருப்பார் என்றுகூடத் தோன்றுகிறது. உணர்வு மரத்த பாதத்தில் பட்ட ஆழமான காயத்துக்குத் தேன் வைக்கக்கூடாது என்று நான் சொல்வது இதனால்தான். வீட்டில் காய் நறுக்கும்போது விரலில் பட்ட கீறலுக்கு வைத்தால் நான் ஒன்றும் சொல்லப்போவதில்லை.

மருத்துவ உலகம் தேனை ஒதுக்கிவிடவும் இல்லை. புண்களுக்குத் தேன் பற்றி 2015-இல் வந்த காக்ரேன் (மருத்துவச் சோதனைகளைத் தொகுத்து மதிப்பிடும் அமைப்பு) திறனாய்வு 26 சோதனைகளை, 3,011 பேரை, எடுத்துக்கொண்டது. தோலின் முழு ஆழத்துக்கும் போகாத தீக்காயங்கள் வழக்கமான கட்டுகளைவிடத் தேனில் நான்கைந்து நாள் முன்னதாக ஆறுகின்றன என்றும், அறுவைக்குப் பின் சீழ் பிடித்த புண்களுக்குப் பலன் உண்டு என்றும் முடிவு சொன்னது. சர்க்கரை நோயாளிகளின் கால் புண்ணுக்கு உறுதியாகச் சொல்லச் சான்று போதவில்லை. அங்கே சோதித்தவை பெரும்பாலும் சாதாரணத் தேனீயின் தேன்கள். கொசுத்தேனுக்கு அந்த முடிவை அப்படியே எடுத்து ஒட்டமுடியாது.

மருத்துவப் பயன்பாட்டுக்கு விற்கும் தேனைக் காமா கதிரால் கிருமி நீக்குகிறார்கள். அதனால் நொதி கெடுவதில்லை, சூடாக்குவதைவிட அதுவே மேல். வீட்டுத் தேனில் கிளாஸ்ட்ரிடியம் என்ற கிருமியின் உறங்கும் வித்துகள் இருக்கக்கூடும். ஒரு வயது நிறையாத குழந்தைக்குத் தேன் தொட்டு வைக்கக்கூடாது என்பதும் இதனால்தான். கொசுத்தேனில் இன்னொன்றும் உண்டு. கொட்டாத்தேனீ இனங்கள் பூவோடு நிற்பதில்லை, ஈர மண், சாணம் என்று பல இடங்களில் உட்காரும். பிசின் கிடைக்காத இடத்தில் ஈரப் பெயிண்ட், தார் போன்ற ஒட்டும் பொருள்களைத் தேனீக்கள் சுமந்துபோவதும் பதிவாகியிருக்கிறது. வள்ளத்துக்குத் தார் பூசும் கரையிலிருந்து கூப்பிடு தூரத்தில் கூடு இருந்தால் அந்த மெழுகைப் புண்ணில் வைத்துக் கட்டுவதை நான் ஊக்குவிக்கமாட்டேன். தேனை ஊசிக்குழாயால் கலயத்திலிருந்து எடுப்பது ஒன்று, கூட்டையே துணியில் போட்டுப் பிழிவது வேறொன்று. பிழிந்ததில் மகரந்தம், புழு, பிசின் எல்லாம் ஒன்றாகக் கிடக்கும். சீக்கிரம் புளிக்கவும் செய்யும். கண்ணில் விடும் பழக்கத்துக்கு என் பதில் ஒரே சொல்தான்: வேண்டாம்.

சர்க்கரை நோயாளிக்கு இந்தத் தேன் ‘ஆகும்’ என்று இவருக்கு வீட்டில் தினமும் ஒரு கரண்டி கொடுத்திருக்கிறார்கள். அந்தப் பேச்சுக்கு மூலம் 2020-இல் குயின்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தார் வெளியிட்ட ஆய்வாக இருக்கலாம். ஆஸ்திரேலிய, மலேசியக் கொட்டாத்தேனீத் தேனில் ட்ரெஹாலுலோஸ் என்ற அரிய சர்க்கரை 100 கிராமுக்கு 13 முதல் 44 கிராம் வரை இருந்தது. அது ரத்தத்தில் மெதுவாக ஏறும் சர்க்கரை. மெதுவாக ஏறினாலும் ஏறத்தான் செய்யும், தேனின் மீதியில் குளுக்கோஸும் ஃப்ரக்டோஸும் இருக்கவே இருக்கின்றன. 340 உள்ளவருக்கு அந்தக் கரண்டி வேண்டியதில்லை.

பின்தொடர்வு

பாதத்தின் மேல் பாரம் விழாதபடி செருப்பை வெட்டிக் கொடுத்து, தினமும் சலைன் கட்டு மாற்றி, இரண்டு வாரம் மருந்து கொடுத்தோம். மருந்து வேளையை அவர் சாப்பிடும் நேரத்துக்குத் தக்கபடி மாற்றினோம். புண் அடியிலிருந்து மேலாக நிரம்பி, ஏறத்தாழ இரண்டு மாதத்தில் மூடியது. நடுவில் ஒரு நாள் கட்டைப் பிரித்தபோது லேசாகப் புளிப்பு வாடை. மாமியாரைப் பார்த்தேன். அவர் சுவரைப் பார்த்தார்.

“இத்தினியூண்டுதான் தாயி, ஓரத்துல. தேன் வைக்காட்டி அந்தக் கால் என்னிக்கோ போயிருக்கும்.”

முதல் வாரத்தைப் பொறுத்தவரை அவர் சொல்வதை மறுக்க என்னிடம் ஆதாரம் இல்லை. தினமும் பாதத்தைக் கண்ணாடி வைத்துப் பார்க்கும் பொறுப்பை அவரிடமே கொடுத்தோம். மருமகளைவிட அவருக்குத்தான் அதில் அக்கறை. நோயாளி கடைசியாக வந்தபோது ஹெச்பிஏ1சி 7.9. கணுக்கால் வரை மூடும் ரப்பர் காலணி வாங்கி, மீண்டும் பாசிக்குப் போகிறார். மாத்திரையை விடுவதில்லை என்கிறார். தேன் பாட்டில் இப்போது மொட்டை மாடியில் இல்லை, ஃபிரிட்ஜில் இருக்கிறது, பேரனுக்கு இருமல் வந்தால் கொடுப்பதற்கு. பேரனுக்கு வயது நான்கு என்று உறுதிப்படுத்திக்கொண்டுதான் சரி என்றேன்.